பீர் காய்ச்சும் பழைய முறையும் புதிய முறையும்: படிப்படியான முழு வழிகாட்டி

பீர் உருவாகும் வேதியியல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை. தானியத்தில் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க வேண்டும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்ற வேண்டும். வந்ததைக் கெடுவதற்குள் குடிக்க வேண்டும், அல்லது கெடாமல் காக்க வழி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மாறியவை கருவிகள்: தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று அளப்பது), மைக்ரோஸ்கோப், குளிர்பதன இயந்திரம்.

பழைய முறை என்று நாம் மதிப்போடு சொல்பவற்றில் பெரும்பகுதி, இந்த நான்கும் இல்லாத குறையை ஈடுகட்டக் கண்டுபிடித்த வழிகள்தான். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைக் கேட்கப்போகிறேன். இந்தப் பழக்கம் எது இல்லாததால் வந்தது? அது இன்று கையில் இருக்கிறது என்றால், பழைய பழக்கத்தால் சுவையில் ஏதாவது லாபம் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நல்லபடியாக வழியனுப்பிவிடலாம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, வீட்டில் பீர் காய்ச்சுவது சில நாடுகளில் சட்டப்படி சரி, சில இடங்களில் குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தை முதலில் பாருங்கள். இரண்டு, இங்கே வடித்தெடுப்பது எதுவும் கிடையாது. நொதித்தலோடு வேலை முடிந்துவிடும்.

கையில் பிடித்துப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும் அல்லவா? 20 லிட்டர் பேல் ஏல், அதாவது அதிகக் குளிரில்லாமல் நொதிக்கும் வெளிர்நிற பீர், எடுத்துக்கொள்வோம். வெளிர்நிற பார்லி மால்ட் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) 4.5 கிலோ, கேரமல் சுவை தரும் கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ) 55 கிராம், 11 கிராம் ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட், தண்ணீர் 30 லிட்டர். ஒவ்வொரு படியிலும் இந்த அளவுக்கே திரும்பி வருவேன்.

படி 1: மால்ட்

பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, சரியான நேரத்தில் உலர்த்தி நிறுத்துவதுதான் மால்ட். முளைக்கும்போது விதைக்குள் என்சைம்கள் உருவாகின்றன. விதையின் கெட்டியான உள்சுவர்களும் கரைகின்றன.

பழைய முறையில் ஈரம் 45 சதவீதத்தை நெருங்கும்வரை பார்லியை ஊறவைத்து, கல்தரையில் பரப்பி, ஏறக்குறைய ஐந்து நாள் மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். புரட்டாவிட்டால் வேர்கள் பின்னிக்கொள்ளும், நடுவில் சூடேறும். குளிர்ச்சியான மாதங்களில்தான் இந்த வேலை ஓடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஈரக்காற்றைத் தானியப் படுகைக்குள் ஊதும் முறை வந்தது. இன்றைய ஆலைகளில் பெட்டிகளிலும் உருளைகளிலும் நடப்பது அதன் தொடர்ச்சிதான். தரை மால்ட்டுக்குச் சுவை அதிகம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை; பார்லி ரகமும் உலர்த்தும் சூடும் சுவையில் காட்டும் வித்தியாசம் அதைவிடப் பெரியது.

உலர்த்துவதில்தான் பெரிய கதை. விறகு எரித்து உலர்த்திய காலத்தில் மால்ட் பெரும்பாலும் பழுப்பாகவும் புகைவாசத்தோடும் இருந்தது. லண்டனின் போர்ட்டர் பீர் அந்தப் பழுப்பு மால்ட்டில்தான் வளர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹைட்ரோமீட்டர் பீர் ஆலைக்குள் நுழைந்தது. 1780களில் ஜான் ரிச்சர்ட்சன் அதைப் பயன்படுத்தும் விதத்தை எழுதிப் பரப்பினார். அளந்து பார்த்தால் அதிர்ச்சி: பழுப்பு மால்ட் தரும் சர்க்கரை, வெளிர் மால்ட் தருவதைவிட நன்றாகவே குறைவு. விலை மலிவு என்று நினைத்து வாங்கியது உண்மையில் நஷ்டம். ஆலைகள் வெளிர் மால்ட்டுக்குத் தாவின, ஆனால் நிறம் போய்விட்டது. அந்த ஓட்டையை அடைத்தது 1817-இல் டேனியல் வீலர் காப்புரிமை பெற்ற வறுக்கும் உருளை. கொஞ்சம் கருமால்ட் போட்டால் பீர் முழுக்கக் கறுப்பாகும். ஸ்டவுட் என்னும் இன்றைய கரும் பீரின் கருகல் சுவை அங்கிருந்து வருகிறது. ஒரு அளவுக்கருவி, பீரின் சுவையையே மாற்றிவிட்டது.

புகை எந்தக் குறையால் வந்தது? சுத்தமான நெருப்பு இல்லாத குறையால். ஆனால் சுவையில் லாபம் மிஞ்சியது. அதனால்தான் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் பீச் மரப்புகையில் உலர்த்திய மால்ட்டில் இன்றும் பீர் காய்ச்சுகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: மால்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் செய்ய முயலவேண்டாம். காய்ச்சும் நாளில் அரையுங்கள். உமி முழுசாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது மட்டும் நொறுங்க வேண்டும். அந்த உமிதான் பிறகு வடிகட்டி. மாவாக அரைத்துவிட்டால் சாறு இறங்காமல் மாட்டிக்கொள்ளும்.

படி 2: தண்ணீர்

பழைய காலத்தில் ஊர்த் தண்ணீர்தான் ஊரின் பீரைத் தீர்மானித்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரின் தண்ணீரில் சல்ஃபேட் அதிகம், அது கசப்பை எடுப்பாகக் காட்டியது. பேல் ஏல் அங்கே தழைத்தது. பில்சன் நகரின் மென்மையான தண்ணீரில் 1842-இல் ஜோசஃப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகர் (குளிரில் நொதிக்கும் பீர் வகை) உலகத்தையே பிடித்துக்கொண்டது. கார்பனேட் அதிகமுள்ள மியூனிக், டப்ளின் போன்ற இடங்களில் கருநிற பீர்கள் நன்றாக வந்ததற்குக் காரணம், வறுத்த மால்ட்டின் அமிலம் அந்தத் தண்ணீரின் காரத்தன்மையைச் சமன்செய்ததுதான். யாருக்கும் அப்போது பிஹெச் (அமிலம், காரம் எவ்வளவு என்ற அளவு) என்றால் என்னவென்று தெரியாது. அந்த அளவுகோலை 1909-இல் கொண்டுவந்தவர் சோரன்சன். அவர் வேலை பார்த்ததும் ஒரு பீர் நிறுவனத்தின், கார்ல்ஸ்பெர்கின், ஆய்வகத்தில்தான்.

இன்று தண்ணீரை முழுக்கச் சுத்திகரித்து, ஜிப்சமும் கால்சியம் குளோரைடும் வேண்டிய அளவு சேர்த்து, எந்த ஊர்த் தண்ணீரையும் உருவாக்கலாம். முதல் முயற்சிக்கு இவ்வளவு வேண்டாம். குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீர் போதும். ஒன்றே ஒன்றை மட்டும் தவறவிடக்கூடாது: குளோரின். மால்ட்டில் இருக்கும் ஃபீனால்களோடு அது சேர்ந்தால் மருந்துவாடை அடிக்கும், பிறகு எதைச் செய்தும் போகாது. 30 லிட்டருக்குப் பாதி கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிட்டால் குளோரின், குளோரமின் இரண்டும் போய்விடும்.

படி 3: மேஷ், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தல்

பழையது, புதியது இரண்டின் வித்தியாசமும் இங்கேதான் நன்றாகத் தெரியும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மால்ட்டில் இரண்டு முக்கியமான என்சைம்கள். பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். அது தரும் சர்க்கரையை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 68 முதல் 72 வரை. அது வெட்டிப்போடும் துண்டுகளில் சில ஈஸ்ட்டுக்கு எட்டாதவை, அவை பீரின் கனத்துக்குப் போகும். 64-இல் ஊறவைத்தால் வறட்சியான, லேசான பீர்; 69-இல் ஊறவைத்தால் கனமான, இனிப்புத் தொனியுள்ள பீர். ஐந்து டிகிரிதான் வித்தியாசம். தெர்மாமீட்டர் இல்லாத மனிதர்கள் இதை எப்படிப் பிடித்தார்கள்?

வழி ஒன்று, கண். கொதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி ஆறவிடுவார்கள். ஆவி அடங்கி, நீரில் முகம் தெரியும் நேரம் பார்த்து மால்ட்டைக் கொட்டுவார்கள். ஆங்கிலேயப் பழங்குறிப்புகளில் இது அடிக்கடி வரும்.

வழி இரண்டு, கல். மரத்தொட்டியை அடுப்பில் ஏற்ற முடியாது, பெரிய உலோகப் பாத்திரம் எட்டாத விலை. ஆகவே கல்லை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தொட்டிக்குள் போட்டார்கள். கல்லின் மேல் சர்க்கரை கருகி ஒட்டும். அதையே நொதிக்கும் பீரில் போட்டால் கருகிய சர்க்கரைச் சுவை கரைந்து வரும். ஜெர்மன் பேசும் பகுதிகளில் இது ஷ்டைன்பியர் என்று நிலைத்தது. ஒரு எச்சரிக்கை: எல்லாக் கல்லும் சூட்டைத் தாங்காது. ஆற்றுக்கல்லுக்குள் ஈரம் இருந்தால் வெடித்துச் சிதறும். ஆசைப்பட்டு முயலாதீர்கள்.

வழி மூன்று, டிகாக்ஷன். எனக்கு இதுதான் மனிதமூளையின் அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. மேஷில் மூன்றில் ஒரு பங்கைக் கெட்டியாக எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்து, திரும்பவும் தொட்டியில் ஊற்றுவார்கள். கொதிநிலை எங்கும் போகாது. கருவி இல்லாமலே தெரிந்த வெப்பநிலை அது. எவ்வளவு எடுத்தோம் என்பதைப் பாத்திரத்தால் அளக்கலாம். தெரிந்த சூட்டில் தெரிந்த அளவு கலந்தால், மொத்தமும் ஒவ்வொரு முறையும் அதே சூட்டுக்கு ஏறும். மூன்று தடவை செய்தால் 35, 50, 65, 75 டிகிரி என்று படிப்படியாக ஏறும். தெர்மாமீட்டர் இல்லாமலே தெர்மாமீட்டரின் வேலை நடந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய மால்ட் சரியாக முளைவிடாதது; கொதிக்கவைத்தால்தான் அதன் மாவுச்சத்து வெளியே வரும். இன்றைய மால்ட் முளைக்கும்போதே உள்சுவர்கள் நன்றாகக் கரைந்த மால்ட், ஒரே சூட்டில் ஒரு மணிநேரம் ஊறினாலே போதும். 50 டிகிரியில் நெடுநேரம் நிறுத்தினால் நுரையைத் தாங்கும் புரதங்கள் சிதைந்து, பீரின் நுரை கெடும். சரி, டிகாக்ஷனில் சுவை லாபம் மிஞ்சுகிறதா? கொதிக்கும் கெட்டி மேஷில் நிறமும் ரொட்டி மேலோட்டின் வாசனையும் கொஞ்சம் கூடும். செக் நாட்டு லாகர் ஆலைகள் பல இன்றும் இதை விடவில்லை. கருநிற லாகருக்கு நான் ஒரே ஒரு டிகாக்ஷன் செய்வேன். பேல் ஏலுக்குத் தேவையில்லை. எரிபொருளும் அரைநாளும் வீண்.

பெரிய ஆலைகளில் இன்று ஆவியால் சூடாகும் தொட்டிகள், ஒவ்வொரு நிமிடச் சூட்டையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். சில இடங்களில் உமியையே நம்பாமல் மால்ட்டைப் பொடியாக்கி, துணிவடிகட்டிகளில் அழுத்திப் பிழிகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது:

1. 14 லிட்டர் தண்ணீரை 72 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மால்ட் 25 டிகிரியில் இருந்தால், கலந்தபின் 66 அளவில் நிற்கும்.
2. மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். கட்டி ஒன்றும் இருக்கக்கூடாது. கெட்டியான கஞ்சிப் பதம் வரும்.
3. மூடி, போர்வை சுற்றி, 60 நிமிடம் விடுங்கள். ஒரு டிகிரி இரண்டு டிகிரி இறங்கினால் பதறவேண்டாம்.
4. ஒரு துளிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் சொட்டுங்கள். கருநீலம் வந்தால் மாவுச்சத்து மிச்சம், இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். சோதித்த துளியைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள்.

படி 4: சாற்றை வடித்தல்

இந்தச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். பின்லாந்தின் சாஹ்தி பீரில், குடைந்த மரத்தொட்டியில் ஜூனிப்பர் கிளைகளைப் படுக்கையாகப் பரப்பி அதன் மேல் மேஷைக் கொட்டி வடிப்பார்கள். கிளை வடிகட்டியாகவும் இருக்கிறது, வாசனையும் தருகிறது. இங்கிலாந்தில் முதல் தண்ணீரில் இறங்கிய கெட்டிச் சாற்றில் பலமான பீர், அதே மால்ட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றி எடுத்ததில் மெல்லிய பீர் என்று பிரித்துக் காய்ச்சினார்கள். மேலிருந்து வெந்நீரைத் தூவி மிச்சச் சர்க்கரையைக் கழுவியெடுக்கும் வழக்கம் பின்னால் வந்தது.

முதலில் இறங்கும் கலங்கலான ஓரிரு லிட்டரை மேலேயே திரும்ப ஊற்றுங்கள். தெளிந்ததும் 76 டிகிரித் தண்ணீர் 16 லிட்டரை மெதுவாக ஊற்றி, மொத்தம் 25 லிட்டர் அளவுக்குச் சாறு சேருங்கள். தண்ணீர் 78-ஐத் தாண்டினால் உமியின் துவர்ப்பு இறங்கும். இதற்கெல்லாம் பாத்திரம் இல்லையென்றால், பெரிய துணிப்பைக்குள் மால்ட்டைப் போட்டு முழுத் தண்ணீரிலும் ஊறவைத்துப் பையைத் தூக்கிவிடும் முறை இருக்கிறது. ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சல்காரர்கள் பரப்பியது. பார்க்க ஆதிகாலத்து வழி மாதிரி இருந்தாலும் புதியது.

படி 5: கொதிக்கவைத்தல், ஹாப்ஸ்

பீர் என்றால் கொதிக்கவைத்தே ஆகவேண்டும் என்பது கிடையாது. சாஹ்தியிலும் நார்வேயின் பண்ணை பீர்கள் சிலவற்றிலும் வோர்ட்டைக் கொதிக்கவைப்பதில்லை. புரதம் அப்படியே இருப்பதால் அவை கனமாக, கலங்கலாக இருக்கும். சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டும்.

ஹாப்ஸ் வருவதற்கு முன் வடமேற்கு ஐரோப்பாவில் சதுப்புநில மிர்ட்டில் (bog myrtle), யாரோ (yarrow) போன்ற மூலிகைகளைக் கலந்து போட்டார்கள். அந்தக் கலவைக்கு க்ரூட் என்று பெயர். ஹாப்ஸின் காக்கும் குணத்தை 12-ஆம் நூற்றாண்டில் பிங்கனின் ஹில்டகார்ட் குறிப்பிட்டிருக்கிறார். 1516-இல் பவேரியா போட்ட சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றையே அனுமதித்தது. ஈஸ்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் நீரில் சரியாகக் கரையாதவை. கொதிக்கும்போது உருமாறி ஐசோ ஆல்ஃபா அமிலமாகின்றன. கசப்பு அதுதான், பாக்டீரியாவைத் தடுப்பதும் அதுதான். ஒரு மணிநேரம் கொதித்தும் போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பீருக்குள் வருவது கடினம். வாசனை எண்ணெய்களோ நேர்மாறு, கொதித்தால் பறந்துவிடும். அதனால்தான் கசப்புக்கு முதலில், வாசனைக்குக் கடைசியில் போடுகிறோம். பழைய ஆலைகள் உலர்ந்த முழுப்பூவைப் போட்டன. இன்று அழுத்திய பெல்லட்டுகள், கார்பன் டை ஆக்சைடால் பிரித்தெடுத்த சாறு, ஏற்கெனவே உருமாற்றிய கசப்புத் திரவம் எல்லாம் வந்துவிட்டன. இந்த இடத்தில் எனக்குப் பழம்பெருமை எதுவும் இல்லை. குளிரில் காற்றுப்புகாமல் அடைத்த பெல்லட், சாக்குமூட்டையில் பழுத்துக் கிடந்த பூவைவிட எல்லா விதத்திலும் மேல்.

நீங்கள் செய்ய வேண்டியது: மூடாமல் 60 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். வேகவைத்த மக்காச்சோள வாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியே போகட்டும். கொதி தொடங்கியதும் 10 சதவீத ஆல்ஃபா அமிலமுள்ள ஹாப்ஸ் 25 கிராம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசனை ஹாப்ஸ் 30 கிராம். முதல் பத்து நிமிடம் பாத்திரத்தைவிட்டு நகராதீர்கள், பொங்கி வழியும்.

படி 6: ஆறவைத்தல்

கொதி நின்றபின் வோர்ட்டைத் தொடும் எதுவும் கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும். முதலில் வாசனையில்லாத, காரத்தன்மையுள்ள (ஆல்கலைன்) சுத்திகரிப்புப் பொடியால் கழுவி அழுக்கை எடுங்கள், அப்புறம் அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமிலக் கிருமிநாசினியில் நனையுங்கள். அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை.

பழைய ஆலைகளில் வோர்ட் ஆறுவதற்கு அகலமான, ஆழமில்லாத தட்டுத்தொட்டி மாடியில் இருக்கும். இரவு முழுக்கத் திறந்து கிடக்கும், காற்றிலுள்ளதெல்லாம் விழும். பெரும்பாலான பீர்களுக்கு இது கேடு. பெல்ஜியத்தின் லாம்பிக் பீருக்கோ இதுவே உயிர். பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்தில் குளிர்மாதங்களில் மட்டும் இப்படி ஆறவைத்து, ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல் மரப்பீப்பாயில் அடைப்பார்கள். அந்தந்த நேரத்துக்கு ஒவ்வொரு நுண்ணுயிரி தலையெடுத்து, பெடியோகாக்கஸ் பாக்டீரியா புளிப்பைத் தந்து, பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் கடைசிவரை நின்று, ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு கழித்துப் பதம் வரும். கோடையில் காய்ச்சுவதில்லை, வேண்டாத பாக்டீரியா அதிகம் என்பதால்.

மற்ற எல்லோருக்கும் தகட்டு வெப்பமாற்றிகள். ஒரு பக்கம் வோர்ட், மறுபக்கம் குளிர்நீர், இடையில் மெல்லிய எஃகுத் தகடு. வெளியேறும் வெந்நீர் அடுத்த மேஷுக்குப் போகும், எரிபொருள் மிச்சம். வீட்டில் செம்புச் சுருள்குழாயைப் பாத்திரத்தில் இறக்கிக் குளிர்நீர் ஓடவிட்டால் அரைமணி நேரத்தில் 20 டிகிரிக்குப் பக்கம் வந்துவிடும். சுருளைக் கொதியின் கடைசிப் பதினைந்து நிமிடம் உள்ளேயே வையுங்கள், தானாகச் சுத்தமாகும்.

படி 7: ஈஸ்ட், நொதித்தல்

ஈஸ்ட் ஓர் உயிர் என்று தெரியாமலே மனிதர்கள் அதைப் பழக்கி வளர்த்தார்கள். முந்தின பீரின் நுரையை எடுத்து அடுத்ததில் போட்டார்கள். நன்றாக வந்த தொட்டியின் நுரை பிழைத்தது, கெட்டதன் நுரை சாக்கடைக்குப் போனது. நூற்றாண்டுகளாக நடந்த இந்தத் தேர்வில் உருவானவைதான் இன்றைய பீர் ஈஸ்ட்டுகள். நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் க்வைக் என்ற ஈஸ்ட்டை மரவளையங்களில் தோய்த்து உலர்த்தி, அடுத்த காய்ச்சல்வரை தொங்கவிட்டு வைத்தார்கள். 30 முதல் 40 டிகிரிவரை சூட்டில் அது இரண்டு மூன்று நாளில் வேலையை முடிக்கும், வாடையும் வராது. வெப்பமான இடத்தில், குளிர்பதன வசதி இல்லாமல் காய்ச்ச நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பவேரியாவில் கதை நேரெதிர். கோடைப் பீர் புளித்துக் கெட்டதால், 1553-இல் செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டும் காய்ச்சலாம் என்று விதி வந்தது. குளிரில் மட்டும் காய்ச்சியதால் குளிரைத் தாங்கும் லாகர் ஈஸ்ட் நிலைபெற்றது. அது வெறும் ஏல் ஈஸ்ட் இல்லை, கலப்பினம். அதன் இன்னொரு பெற்றோரான சாக்கரோமைசஸ் யூபயானஸ் 2011-இல் தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் அடையாளம் காணப்பட்டது.

பிறகு மூன்று மனிதர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பீர் கெடுவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிரிகள் என்று லூயி பாஸ்டர் 1876-இல் விரிவாக எழுதினார். 1870களில் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் வேலை செய்யத் தொடங்கியது, பனிக்கட்டியும் குகையும் தேவையற்றுப்போயின. 1883-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை எடுத்தார். நிறுவனம் அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. பீர் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும் என்ற எதிர்பார்ப்பே அதற்குப் பிறகு வந்ததுதான். இதில் இழப்பும் உண்டு. ஒரு ஆலையின் நுரையில் பல ரகங்கள் சேர்ந்து வாழ்ந்தன. தூய வளர்ப்பு அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டது.

பாத்திரமும் சுவையை மாற்றும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திறந்த, ஆழமில்லாத தொட்டியில் ஈஸ்ட்டின் மேல் அழுத்தம் குறைவு, பழவாசனை தரும் எஸ்டர்கள் தாராளமாக வரும். இன்றைய ஆலைகளில் பல மீட்டர் உயரமான, கீழே கூம்பாக முடியும் எஃகுத் தொட்டிகள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோபோல்ட் நாதன் முன்வைத்த வடிவம் இது. சுத்தம் செய்வது எளிது, ஈஸ்ட் கூம்பில் சேரும், ஆனால் அழுத்தத்தால் எஸ்டர் அடங்கிவிடும். கோதுமை பீர் காய்ச்சும் சில ஆலைகள் திறந்த தொட்டியை விடாமல் வைத்திருப்பது பழமைப் பிடிவாதத்தால் அல்ல.

காலத்திலும் பெரிய வித்தியாசம். பழைய லாகர் குளிரில் மாதக்கணக்கில் கிடக்கும். வெண்ணெய்வாடை தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் மெதுவாகத் தின்று தீர்க்க அவ்வளவு நேரம் பிடித்தது. இன்று நொதித்தல் முடியும் தறுவாயில் 16 டிகிரிக்கு மேல் இரண்டு நாள் ஏற்றினால் அந்த வேலை முடிகிறது. மூன்று வாரத்தில் லாகர் வெளியே போகிறது. மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஆறுவாரம் கிடந்த லாகரின் வழவழப்பு வேறு.

ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் சோளம், மக்காச்சோளத்தில் காய்ச்சும் கலங்கல் பீர் இந்த வரலாற்றில் தனி வழி. முதலில் லாக்டிக் பாக்டீரியா புளிக்கவைக்கும், அந்தப் புளிப்பே மற்ற கிருமிகளைத் தடுக்கும், பிறகு ஈஸ்ட். நொதித்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பார்கள். ஆலைகள் இதை எடுத்துச் செய்தபோதும் நொதித்தலை நிறுத்தவில்லை; வாயு வெளியேற வழிவிட்ட அட்டைப்பெட்டியில் அடைத்தார்கள். தொழிற்சாலைதான் இங்கே பழைய முறைக்கு வளைந்துகொடுத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது:

1. ஹைட்ரோமீட்டரில் அளவெடுத்துக் குறியுங்கள். தண்ணீரை 1 என்று வைத்தால் அடர்த்தி 1.048 அளவில் இருக்க வேண்டும்.
2. ஆறிய வோர்ட்டை உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுச் சேருங்கள். ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் வேண்டிய ஒரே நேரம் இது. இதற்குப் பின் ஆக்சிஜன் பகை.
3. ஈஸ்ட்டைத் தூவி, காற்றுப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டி, 18 முதல் 20 டிகிரியில் வையுங்கள். முதல் மூன்று நாள் சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் பாதி வெற்றி. நொதித்தலே சூடு தரும் என்பதால் அறையைவிடத் தொட்டி சில டிகிரி அதிகம் இருக்கும்.
4. பத்து நாள் கழித்து அளந்து, மூன்று நாள் விட்டு மறுபடி அளங்கள். இரண்டும் ஒரே எண், 1.011-க்குப் பக்கம் என்றால் முடிந்தது. தொடக்க எண்ணிலிருந்து இறுதி எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். இங்கே ஏறக்குறைய 4.9.

படி 8: அடைத்தல்

ஆலைகளில் பீரை வடிகட்டி, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, பலசமயம் 60 டிகிரியில் பாஸ்டர் முறைப்படி சூடாக்கி அடைக்கிறார்கள். பல ஆலைகள் கெட்டியாகக் காய்ச்சி, ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரைக் கடைசியில் கலக்கின்றன. அதே தொட்டியில் கூடுதல் பீர் கிடைக்கும். ஆக்சிஜன் விஷயத்தில் மட்டும் நவீன ஆலையை யாராலும் நெருங்க முடியாது. கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

இதற்கு எதிர்முனையில் பிரிட்டனின் பீப்பாய் ஏல். வடிகட்டாமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு மதுக்கடைக்குப் போய் அங்கேயே பதப்படும். இந்த வழக்கம் அழியாமல் காக்க 1971-இல் ஓர் இயக்கமே தொடங்கியது. திறந்த பீப்பாய் சில நாளில் தீரவேண்டும், இல்லையென்றால் சப்பென்று ஆகிவிடும்.

வீட்டில் பழைய வழிதான் எனக்குப் பிடித்தது. புட்டியில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் உள்ளே நுழைந்த ஆக்சிஜனில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடும். இது எந்த இயந்திரமும் இல்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு. 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, சலசலப்பில்லாமல் பீரில் கலந்து, தடித்த பீர்ப் புட்டிகளில் அடைத்து மூடுங்கள். படி 7-இன் இரண்டாவது அளவை எடுக்காமல் அடைத்தால் புட்டி வெடிக்கும், கண்ணாடி பறக்கும். இதை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டு வாரம் 20 டிகிரியில் இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சேர்மங்கள் உடைந்து கெட்டவாடை வரும், பழுப்புப் புட்டி அதற்காகத்தான். பிறகு குளிர்பெட்டியில் நிமிர்த்தி இரண்டு நாள் வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும். ஒரே மூச்சில் மெதுவாக ஊற்றி, கடைசி விரற்கடை அளவைப் புட்டியிலேயே விட்டுவிடுங்கள். இந்தப் பேல் ஏலின் ஹாப்ஸ் வாசனை மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது, சேர்த்து வைக்காதீர்கள்.